சுருட்டை முடி, உப்புத்தண்ணி ஊர்: வீட்டிலேயே சூடு கொடுத்து கண்டிஷனிங் செய்வது எப்படி?

தாராபுரத்துச் சுருட்டை:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. கல்லூரி முடிக்கிற வரைக்கும் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி அடக்கி வைப்பதுதான் வழக்கம். வேலைக்குப் போனதும் கொஞ்ச காலம் மெஷின் வைத்து நேராக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அதைத் தொடுவதில்லை, முடியை அதன் போக்கிலேயே வளர்க்கிறேன். முதுகில் பாதி வரை இருக்கிறது. உச்சியில் நன்றாகவே சுருள்கிறது. காதுக்குக் கீழே இறங்கினால் சொரசொரப்பு, சிக்கு, நுனியில் பிளவு.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தங்கள் முடியைப் பராமரிக்கும் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறேன். தலைக்குக் குளித்ததும் கண்டிஷனரைக் கெட்டியாகப் பூசி, பிளாஸ்டிக் தொப்பி போட்டு, தலையை மூடுகிற பெரிய டிரையருக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். சிலர் மின்சாரத்தில் சூடாகும் தொப்பி வைத்திருக்கிறார்கள். அலசி முடித்தால் சீப்பு தடையில்லாமல் இறங்குகிறது. எங்கள் வீட்டில் அந்த டிரையரெல்லாம் கிடையாது. வாங்காமல் செய்ய வழி இருக்கிறதா?

அம்மாவிடம் சொன்னால், "எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து வென்னியில் தண்ணி வாத்துக்கோ, அதுவேதான் இது" என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

இன்னொன்று. கோவையில் அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கினால் இதே ஷாம்பு, இதே கண்டிஷனர், முடி மட்டும் சொன்னபடி கேட்கிறது. ஊருக்கு வந்ததும் பழைய கதை. ஏசி காரணமாக இருக்குமோ?

சென்னிமலைத் துண்டு:

வாங்க அம்மணி. டிரையர் வேண்டியதில்லை, துண்டு போதும். எனக்கும் சுருட்டைதான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

இரண்டு ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான டர்க்கித் துண்டு வேண்டாம், தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய்க் கழுத்தை இழுக்கும், ஒற்றை ஆளாகப் பிழியவும் வராது. ஷாம்பு போட்டு அலசிய பிறகு பழைய பனியன் துணியால் முடியை ஒற்றி எடுங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் ஈரம் இருக்க வேண்டும். முடியை நாலு பாகமாகப் பிரித்து, காது மட்டத்தில் ஆரம்பித்து நுனி வரைக்கும் கண்டிஷனர் பூசி, விரலாலேயே சிக்கெடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் முறுக்கி உச்சியில் கிளிப் போடுங்கள். மேலே ஷவர் கேப். மெல்லிய கேரி பேக் வேண்டாம், அது நம் மாநிலத்தில் 2019 ஜனவரியிலிருந்து தடை. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் கேப் ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கிறது.

இனி சூடு. போசியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு பச்சைத்தண்ணீர் கலந்தால் கை பொறுக்கிற சூடு வரும். துண்டுகளை அதில் முக்கி ஒட்டப் பிழிய வேண்டும். ஒன்று தலையில், இன்னொன்று சப்பாத்தி வைக்கிற ஹாட்பாக்கில். தலையில் இருப்பது சீக்கிரமே ஆறிவிடும். உடனே ஹாட்பாக்கில் இருப்பதை எடுத்துக் கட்டி, ஆறியதை மறுபடி முக்கிப் பிழிந்து உள்ளே வையுங்கள். இப்படியே மாற்றி மாற்றி இருபது நிமிடம். வெளியே ஒரு காய்ந்த துண்டைச் சுற்றினால் சூடு கூடக் கொஞ்ச நேரம் நிற்கும். கேப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கழற்றாமல் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள்.

பெருந்துறை வேதியியல்:

பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்வதும் நல்ல வழி, காணொளியில் காட்டுவதும் நல்ல வழி. ஆனால் வேலை வேறு வேறு. எண்ணெய் குளிப்பதற்கு முன்னால் காவலுக்கு நிற்பது. கண்டிஷனர் குளித்த பிறகு சேதத்தை மூடுவது.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத, கெரட்டின் என்ற புரதத்தாலான இழை. அதன் மேல்பக்கம் செதில்கள், நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கும். புதிதாக வளர்ந்த முடியில் அந்தச் செதிலின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. உச்சிப் பக்கம் உங்கள் முடி வழுவழுப்பாக இருப்பது அதனால்தான். வெயில், சீப்பு, சாயம், மெஷின் எல்லாமாகச் சேர்ந்து அந்தப் படலத்தை நுனிப் பக்கம் அரித்துவிடும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் முடி வளர்கிறது என்றால், முதுகுப் பாதிக்கு வந்த நுனிக்கு எத்தனை வயது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படலம் போன இடத்தில் முடிக்கு எதிர் மின்னேற்றம் கூடுகிறது. கண்டிஷனரில் இருப்பது நேர் மின்னேற்றம் கொண்ட சரக்கு. புட்டியின் பின்பக்கம் பெஹென்ட்ரைமோனியம், செட்ரிமோனியம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த இடம் அதிகம் கெட்டிருக்கிறதோ அந்த இடத்தில் அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அலசினாலும் முழுதாகப் போகாது. செட்டில் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மெழுகு வகைக் கொழுப்பு, முடியை உலர்த்தாது.

சூடு எதற்கு? முடியில் துளைகள் திறக்கும் என்று பலர் சொல்கிறார்கள். முடித்தண்டில் அப்படித் துளை எதுவும் இல்லை. தண்ணீரில் நனைந்தாலே முடி குறுக்கே ஏறத்தாழ 15 சதவீதம் ஊதுகிறது, செதில்கள் தளர்கின்றன. அந்த நிலையில் மிதமான சூடு கிடைத்தால் கண்டிஷனர் இளகிச் சீராகப் பரவுகிறது, சின்ன மூலக்கூறுகள் உள்ளே நகர்வதும் வேகமாகிறது. அவ்வளவுதான் சூட்டின் பங்கு. அதற்கு 40 முதல் 45 டிகிரி போதும், சென்னிமலை அக்கா சொன்ன துண்டே அந்தச் சூட்டைக் கொடுத்துவிடும்.

நேராக்கும் மெஷின் 180 முதல் 230 டிகிரிக்குப் போவது. அதையும் இதையும் ஒரே சூடு என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். முக்கியமாக, ஈரமுடியில் அந்த மெஷினை வைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துக் குமிழியாகி, முடி அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும்.

பொடக்காலி:

எழுதுகிறவர்களெல்லாம் சின்ன வயசுக்காரர்களாகத் தெரிகிறது, அதனால் உரிமையோடு சொல்கிறேன் கண்ணு. தலைக்குத் தண்ணி வார்க்கிற நாள் என்றால் எங்கள் வீட்டில் விடிந்ததுமே பொடக்காலியில் வென்னி அடுப்பு புகையும். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, இளவெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள். அரப்புத் தூளை வடிகஞ்சியில் கரைத்து, கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போதே தலையில் ஊற்றித் தேய்ப்பார்கள். எண்ணெய்க்கு வெயில், முடிக்குக் கஞ்சி. சூடும் இருக்கிறது, வழுவழுப்பும் இருக்கிறது. எங்கள் அம்மாயிக்கு எழுபது தாண்டியும் கொண்டை போடுகிற அளவுக்கு முடி இருந்தது. இதை விட்டுவிட்டுப் புட்டியில் அடைத்ததற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

பெருந்துறை வேதியியல்:

அம்மா, அரப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அரப்பு என்பது உசிலை இலைத் தூள்தான், அதில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. சோப்பு உப்புத்தண்ணீரில் திரிந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும், அரப்பும் சீயக்காயும் அப்படித் திரிவதில்லை. கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்ந்த நம் பக்கத்தில் அரப்பு இத்தனை காலம் நின்றதற்கு இதுவும் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். வடிகஞ்சியின் மாவுச்சத்து முடிமேல் மெல்லிய உறையாகப் படிகிறது. வெந்தயம், செம்பருத்தி இலையின் கொழகொழப்பும் அப்படித்தான், சிக்கெடுக்கக் கை வழுக்கும்.

ஆனால் இந்த உறைகள் அலசினால் பெரும்பாலும் போய்விடும். அரப்பு எண்ணெயை முழுசாக உருவி எடுத்துவிடும், கோரை முடிக்கு அது பொருந்தும், வறண்ட சுருட்டைக்குச் சில சமயம் கடுமை. தூளும் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும், துணியில் சலித்துப் போட்டால்தான் சரிப்படும். அரப்பு போட்டுக் குளித்துவிட்டு நுனிக்கு மட்டும் கண்டிஷனரும் சூடும் கொடுத்தால் இரண்டின் பலனும் கிடைக்கும், ஒன்றை ஒன்று கெடுக்காது.

எண்ணெயில் எது என்று அடுத்துக் கேட்பீர்கள். குளிக்கும் முன் நுனிக்குத் தேங்காய் எண்ணெய்தான் என் தேர்வு. அதில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம், சின்ன நேர்க்கோட்டு மூலக்கூறு, முடிக்குள்ளேயே போகிறது. தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட இந்திய ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும். செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். விளக்கெண்ணெய் கெட்டி, உள்ளே போகாது, மேலே பளபளப்புக் கொடுக்கும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் செக்கில் ஆட்டின எண்ணெய் எளிதாகக் கிடைக்கிறவர்களுக்குக் குறையே இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழியில் மட்டும் கிண்ணத்தை வென்னியில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். நேராக அடுப்பில் காய்ச்ச அவசியமில்லை.

நாமக்கல்காரன்:

ஆம்பளைங்களும் இங்கே எழுதலாமுங்களா? எனக்கும் சுருட்டைதான், தோள் வரை விட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் முட்டைக்குப் பஞ்சமில்லை. முட்டையும் தயிரும் அடித்துப் பூசி, மேலே சூட்டுத் துண்டு கட்டினால் புரதம் உள்ளே போகும் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா?

பெருந்துறை வேதியியல்:

தாராளமாக எழுதுங்க தம்பி. ஆனால் முட்டையைச் சாப்பிட்டுவிடுங்கள். முட்டைப் புரதம் மிகப் பெரிய மூலக்கூறு, முடிக்குள் போகவே போகாது. அறுபது டிகிரியைத் தாண்டினால் வெள்ளைக்கரு வேக ஆரம்பிக்கும், சுடுதண்ணீரில் அலசினால் வெந்த துணுக்குகள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டு எடுக்கவே வராது. புரதம் வேண்டுமென்றால் சிறு துண்டுகளாக உடைத்த புரதம் சேர்த்த கண்டிஷனர் வாங்குங்கள், லேபிளில் ஹைட்ரோலைஸ்டு என்று இருக்கும். அதையும் ஒவ்வொரு முறையும் போட்டால் முடி விறைத்துக்கொள்ளும், இடைவெளி விடுங்கள்.

ஈரோடு செவிலி:

தீக்காயத்துக்கு மருந்து கட்டுகிற இடத்தில் வேலை செய்கிறவள், அதனால் இதை நான் எழுதியே ஆக வேண்டும்.

சளிக்கு ஆவி பிடிக்கிற மெஷினை முடிக்குப் பிடிக்காதீர்கள். அதன் வாயிலிருந்து ஆவியோடு கொதிதண்ணீரும் துப்பும். காது மடல், பிடரி, நெற்றியோரம் மூன்றும் மெல்லிய தோல், நொடியில் கொப்பளித்துவிடும். குக்கர் ஆவியில் துண்டைக் காட்டுவது, குழாய் மாட்டித் தலைக்குக் கொண்டுவருவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மைக்ரோவேவில் ஈரத்துண்டைச் சூடாக்கினால் நடுவில் மட்டும் தகதகவென்று இருக்கும், வெளியே தொட்டால் தெரியாது. விரித்து உதறி, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போக வேண்டும். ஜரிகைக் கரை போட்ட துண்டை மைக்ரோவேவுக்குள் வைக்கவே கூடாது. ஹேர் டிரையரை ஷவர் கேப்புக்கு நேராகப் பிடித்தால் பிளாஸ்டிக் இளகித் தோலில் ஒட்டும்.

சர்க்கரை நோயால் தொட்டால் சூடு தெரியாதவர்கள் கையில் பார்த்து நம்பக்கூடாது, வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். தலையில் புண், சொரியாசிஸ், சாயம் போட்டு எரிச்சல் இருப்பவர்கள் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பொடுகு இருப்பவர்களுக்கு ஒன்று. பொடுகோடு சேர்ந்து வரும் மலாசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. தலைத்தோலில் எண்ணெய் வைத்து ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தால் அதற்குத்தான் விருந்து. எண்ணெயோ கண்டிஷனரோ, முடியோடு நிற்கட்டும்.

கோபி டு அட்லாண்டா:

கோபியில் பிறந்து இப்போது அட்லாண்டாவில் இருக்கிறேன். தாராபுரத்து அம்மணி பார்க்கிற காணொளிகளில் வருகிற பெண்களோடுதான் தினமும் வேலை செய்கிறேன். அவர்களின் முறையில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்ல ஆசை.

அவர்களில் பலருக்குச் சுருள் பென்சில் கனத்துக்கும் குறைவு, நெளிந்து நெளிந்து போகும். தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய் அத்தனை வளைவையும் தாண்டி நுனிக்கு இறங்குவதில்லை. ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். அதனால் வாரத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் தள்ளியோதான் தலைக்குக் குளிக்கிறார்கள், குளிக்கிற நாளில் ஆற அமரச் சூடு கொடுத்துக் கண்டிஷனிங் செய்கிறார்கள். பாட்டி காலத்திலிருந்து காரம் கலந்த ரசாயனத்தால் நேராக்கிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சொந்த முடியோடு வாழ்வது என்பது அவர்களுக்கு அழகு விஷயம் மட்டுமில்லை. முடியைக் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2019இல் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தக் காணொளிகளுக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பும் அனுபவமும் இருக்கிறது, மரியாதையோடு கற்றுக்கொள்ள வேண்டியவை.

நம் சுருள் பெரும்பாலும் அதைவிடத் தளர்வு. நம் ஊர் வேர்வைக்கும் புழுதிக்கும் வாரம் ஒரு குளியல் காணாது. அவர்கள் பூசும் அளவுக்கு வெண்ணெய், ஷியா கொழுப்பு எல்லாம் பூசினால் நமக்கு முடி படிந்து தொங்கிப்போகும். சூடு, கேப், ஈரத்தோடு பூசுவது, பாகம் பிரிப்பது, விரலால் சிக்கெடுப்பது: இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கின் அளவைப் பாதியாக்குங்கள்.

தண்ணீர் நிறைந்த டம்ளரில் முடியைப் போட்டு, மிதந்தால் ஒரு ரகம் மூழ்கினால் ஒரு ரகம் என்று பார்க்கிற சோதனையையும் நம்ப வேண்டாம். எண்ணெய்ப்பசை இருந்தால் எந்த முடியும் மிதக்கும்.

கோவை பார்லர் அக்கா:

எல்லோரும் நல்ல விஷயங்களாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் தாராபுரத்து அம்மணி கடைசியாகக் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே? கோவையில் முடி கேட்கிறது, ஊரில் கேட்கவில்லை என்கிறார். கண்ணு, ஏசி இல்லை. அக்கா வீட்டில் உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுப் பார். உங்கள் வீட்டில் போர் தண்ணீர்தானே?

இருபது வருடத்துக்கு மேல் பார்லர் நடத்துகிறேன். போர் தண்ணீரில் குளிக்கிற முடியைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். நனைத்த பிறகும் விரலுக்கு வழுக்காது, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் கீச்சென்று பிடிக்கும். மேலே கண்டிஷனரை அள்ளி வைத்தாலும் முடி வாங்காது, வெள்ளையாக அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த முடிக்கு ஸ்டீமர் வைத்தாலும் துண்டு கட்டினாலும் பலன் அரைகுறைதான். பல்லடம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணப் பெண்களை அழைத்து வருவார்கள், முதலில் நான் செய்வது உப்பை இறக்குவது, அப்புறம்தான் சூடு.

பெருந்துறை வேதியியல்:

அக்கா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். உப்புத்தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியமும் மக்னீசியமும் நேர் மின்னேற்றம் கொண்டவை. கண்டிஷனர் போய் உட்கார வேண்டிய அதே இடங்களைத்தான் அவையும் பிடிக்கின்றன. குளிக்கக் குளிக்கச் சேர்ந்துகொண்டே போகும். சேதமான நுனியில் எதிர் மின்னேற்றம் கூடுதல் என்பதால் உப்பும் அங்கேதான் கூடுதலாகப் பிடிக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர், பாதி பாதி. குளியல் சோப்பை (ஷாம்பு வேண்டாம், அது ஏமாற்றும்) சீவி, சம அளவு போட்டுக் குலுக்குங்கள். கேன் தண்ணீர் நுரைக்கும். போர் தண்ணீர் திரிந்து கலங்கலாக நின்றால் அந்த உப்புகள் மிகுந்த கடினநீர் என்று முடிவு செய்துகொள்ளலாம். எண்ணிக்கையாகத் தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. டிடிஎஸ் மீட்டர் காட்டுவது மொத்த உப்பு, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

தாராபுரத்துச் சுருட்டை:

பாட்டில் வைத்துப் பார்த்தேனுங்க. கேன் தண்ணீரில் நுரை கழுத்து வரைக்கும் ஏறியது. எங்கள் போர் தண்ணீர் திரிந்துபோய் வெள்ளையாக மேலே படர்ந்து நிற்கிறது. எப்போதாவது குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரையும் பிடித்துக் குலுக்கினேன், அது நன்றாகவே நுரைத்தது. வென்னி வைக்கிற போசியின் அடியில் ஏன் இவ்வளவு வெள்ளைப் பொருக்கு என்பதும் இப்போது விளங்குகிறது. அக்கா, உப்பை இறக்குவது எப்படி?

கோவை பார்லர் அக்கா:

உப்பைப் பிடித்து இழுக்கிற இடிடிஏ என்ற பொருள் சேர்த்து, உப்பு நீக்குவதற்கென்றே செய்த ஷாம்பு கடையில் கிடைக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை போதும், அடிக்கடி போட்டால் முடி வறண்டுபோகும். அது கிடைக்காவிட்டால் அரை எலுமிச்சம்பழச் சாற்றை வடிகட்டி ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் கலந்துகொள். முடியை நனைத்து இதைக் காதுக்குக் கீழே மெதுவாக ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு வழக்கமான ஷாம்பு. அலசியதும் முடியை விரலிடுக்கில் இழுத்துப் பார், கீச்சுச் சத்தம் குறைந்திருக்கும். அதற்குப் பிறகுதான் கண்டிஷனர், கேப், துண்டு. சூட்டை நம்புவதற்கு முன்னால் தண்ணீரைச் சரிசெய், நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வது இதுதான்.

கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள். ஆர்.ஓ., கேன், குழாய்த் தண்ணீர், எது தோதோ அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியில் சுத்தமான டிரம் வைத்துப் பிடித்தால் அதைவிட மென்மையான தண்ணீர் கிடையாது. போர் தண்ணீரிலேயே கடைசியாக அலசினால் இறக்கிய உப்பைத் திரும்ப ஏற்றிய கணக்கு.

ஈரோடு செவிலி:

எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் நிற்காதீர்கள், தோல் கருத்துக் கொப்பளிக்கும். கழுத்து, தோள்பட்டையெல்லாம் நன்றாகக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.

திருச்செங்கோட்டுத் தங்கை:

அக்காக்களே, ஒரு பார்லரில் எனக்கு முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்தார்கள். செய்யும்போது கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது, கேட்டதற்கு எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இப்போது அரை முடி கம்பியாக நிற்கிறது, வேர்ப்பக்கம் மட்டும் சுருட்டை வருகிறது. இந்தச் சூட்டுக் கண்டிஷனிங் செய்தால் பழைய சுருட்டை திரும்புமா?

கோவை பார்லர் அக்கா:

திரும்பாது கண்ணு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாக நேராக்கும்போது முடிக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்புகளையே உடைத்து வேறு மாதிரிக் கட்டிவிடுகிறார்கள். எந்தக் கண்டிஷனரும் அதைப் பழையபடி கட்டாது. புது முடி வளர வளர வெட்டிக்கொண்டே வருவதுதான் வழி. அதுவரைக்கும் நேர்முடியும் சுருட்டையும் சேர்கிற இடம் ஒடியாமல் பார்த்துக்கொள்ள இந்தச் சூட்டுக் கண்டிஷனிங் நன்றாக உதவும், அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பூசு. கண் எரிந்தது என்றாயே, அந்த மாதிரிச் சரக்கு சிலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளியே வரும். அது எரிந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது, எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். தொழிலில் இருக்கிறவள் என்ற முறையில் எனக்கு இது ஆறாத கோபம். கதவு ஜன்னலைத் திறக்காமல், வருகிற பிள்ளைகளிடம் என்ன சரக்கு என்று சொல்லாமல் செய்கிறார்கள்.

தாராபுரத்துச் சுருட்டை:

பார்லர் அக்கா சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேனுங்க. முதல் நாள் ராத்திரியே ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டேன். எலுமிச்சைத் தண்ணீர், ஷாம்பு, கண்டிஷனர், கேப், துண்டு. கண்டிஷனர் இந்தத் தடவை வெள்ளையாக நிற்கவில்லை, கலந்து கரைந்து போனது. துண்டு பிழிய அம்மா கூட நின்றார். அலசி முடித்ததும் அகலப் பல் சீப்பு காதுக்குக் கீழேயும் இறங்கியது. நுனிப் பிளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

சென்னிமலை அக்கா, ஹாட்பாக் யோசனை அருமை. துண்டு இரண்டாவது சுற்றிலும் சூடாகவே இருந்தது.

பொடக்காலி அம்மாவுக்கு: அரப்பு சந்தையில் கிடைக்கிறது, அடுத்த தடவைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். துணியில் சலித்தே போடுகிறேன்.

சென்னிமலைத் துண்டு:

பிளந்த நுனி ஒட்டாது அம்மணி. ஒட்ட வைக்கிறேன் என்று வருகிற சரக்கெல்லாம் அடுத்த குளியல் வரைக்கும்தான். ஒரு விரற்கடை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும்.

பொடக்காலி:

அரப்பு வாங்கும்போது பச்சை நிறம் மங்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு கண்ணு. ரொம்ப நாள் கிடந்தது பழுப்பாக இருக்கும், நுரைக்காது. வடிகஞ்சிக்கு உப்புப் போடாத சோற்றுக் கஞ்சியாக எடுத்துக்கொள். உப்பைப் பற்றி இவ்வளவு படித்த பிறகு அதை நான் சொல்லவும் வேண்டுமா.

தாராபுரத்துச் சுருட்டை:

சரிங்கம்மா. கடைசியாக ஒன்று. அக்கா பெண்ணுக்கு நாலு வயது, அவளுக்கும் என் முடிதான். நான் துண்டு கட்டியதைப் பார்த்து அவளுக்கும் கட்டச் சொல்லி அடம் பிடிக்கிறாள். கட்டலாமுங்களா?

ஈரோடு செவிலி:

சின்னக் குழந்தைக்குச் சூடு வேண்டாம், தோல் மெல்லியது, சுடுகிறது என்று சரியாகச் சொல்லவும் தெரியாது. நேராக்கியோ சாயம் போட்டோ கெடுக்காத பிள்ளை முடிக்கு அவ்வளவு தேவையும் இல்லை. கேப்பும் வேண்டாம், பிளாஸ்டிக்கோடு விளையாடினால் முகத்தை மூடிக்கொள்ளும். நுனிக்குக் கொஞ்சம் கண்டிஷனர் பூசி, விரலால் சிக்கெடுத்து அலசிவிடுங்கள். ஆசைக்கு ஒரு காய்ந்த துண்டைக் கட்டிவிட்டால் போதும்.